பூனைக்குட்டியின் பற்களும் பிள்ளைகளின் பற்களும்

ஆண்டின் தொடக்கத்தில் முதலாம் ஆண்டு வகுப்பினுள் நுழையும் ஆசிரியர் எவரும் ஒரு காட்சியைக் காணத் தவறார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவன் சிரித்தால் அவன் வாயில் இரு பற்களுக்கு உரிய இடம் வெறுமையாக இருக்கும். அவனுக்கு அடுத்திருக்கும் மாணவியோ, ஆடுகின்ற பல்லை நாவினால் தள்ளிக்கொண்டே பாடம் கேட்பாள். நம் நாட்டில் பிள்ளைகள் பள்ளி புகுவது ஏழாம் வயதில். பால் பற்கள் விழத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான்.

இம்மாற்றம் மனிதருக்கு மட்டுமே உரியதன்று. நாய், ஆடு, மாடு, குரங்கு எனப் பாலூட்டிகளுள் பெரும்பாலானவை இருமுறை பல் முளைக்கப் பெற்றவை. இவற்றுள் நம் பிள்ளைகள் கையிலெடுத்துப் பார்க்கக்கூடியது பூனைக்குட்டியே. ரெங்கம் வட்டாரத்தில் முன்பு இரப்பர் நின்ற நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கின்றது. செம்பனைப் பழம் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பூனை உண்டு. ஆகவே பூனைக்குட்டி இல்லாத குடியிருப்பு இங்கே அரிது. பிள்ளைகளின் வாயில் ஆறேழு ஆண்டுகள் நீண்டு நிகழ்வது, அக்குட்டியின் வாயில் மூன்றே மாதங்களில் நிகழ்ந்து முடிகின்றது. மெதுவாக நிகழ்வதைக் கண் தவறவிடும். விரைவாக நிகழ்வதைக் காணலாம். ஆதலின் முதலில் குட்டியைக் காண்போம்.

பூனைக்குட்டி பிறக்கும்பொழுது கண்ணும் திறந்திராது, பல்லும் இராது. தாயின் மடியில் பால் குடிப்பதற்குப் பல் வேண்டுவதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் கழிந்தபின் முன்புறத்துச் சிறு வெட்டுப் பற்கள் ஈறைப் பிளந்துகொண்டு தலைகாட்டும். அவை அரிசிக் குறுநொய் அளவே இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் ஊசிபோன்ற கோரைப்பற்கள் நான்கும் முளைக்கும். அவற்றின் பின்னே கடைவாயில் உள்ள பற்கள் ஒவ்வொன்றாக வந்து, ஆறு அல்லது எட்டு வார அளவில் பால் பற்கள் நிறைவுறும். மேல்தாடையில் 14, கீழ்த்தாடையில் 12, ஆகமொத்தம் 26.

இப்பற்கள் வந்ததும் தாய்ப்பூனையின் போக்கு மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். குட்டிகள் மடியைத் தேடி வரும்பொழுது அது எழுந்து செல்லும். சில வேளைகளில் சீறும். அது பாசம் குறைந்ததால் அன்று. இருபத்தாறு ஊசிகள் மடியில் பட்டால் எந்தத் தாய்தான் பொறுப்பாள்? அக்காலத்தில்தான் அது எலியையோ பல்லியையோ கொணர்ந்து குட்டிகளின் முன் இடுகின்றது. பால் மறப்பதும் இரை கற்பதும் ஒரே வேளையில் நடைபெறுகின்றன. இக்காரணத்தால், எட்டு வாரம் ஆகுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்துச் செல்வது நன்றன்று.

மூன்றரை அல்லது நான்கு மாதம் ஆனதும் இரண்டாம் மாற்றம் தொடங்கும். முதலில் முளைத்த வெட்டுப் பற்களே முதலில் விழும். ஐந்தாம் மாத அளவில் கோரைப்பற்கள் மாறும். ஆறு அல்லது ஏழு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். இப்பருவத்தில் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தால், பழைய கோரைப்பல்லும் புதிய கோரைப்பல்லும் அருகருகே நிற்பதைச் சில நாள்கள் காணலாம். அது நோயன்று. ஆனால் மாற்றம் முடிந்தபின்னும் பழைய பல் விழாமல் நின்றால் உணவு இடையில் சிக்கும். புதிய பல் கோணும். அப்பொழுது விலங்கு மருத்துவரே அதனை அகற்ற வேண்டும். வீட்டில் குறடு கொண்டு பிடுங்க முற்படலாகாது.

விழுந்த பற்கள் எங்கே? வீடு கூட்டும்பொழுது ஒன்றிரண்டு கிடைத்தால் அது நல்வாய்ப்பு. பெரும்பாலானவற்றைக் குட்டி உணவோடு விழுங்கிவிடும். அதனால் அதற்குத் தீங்கு இல்லை.

இனி, பல் ஏன் விழுகின்றது என்பதைக் காண்போம். புதிய பல் அடியிலிருந்து பழைய பல்லை மேலே தள்ளிவிடுகின்றது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதனினும் வியப்பானது. தாடை எலும்பினுள் புதிய பல் உருவாகி மேலெழும்பொழுது, பழைய பல்லின் வேரைக் கரைக்கும் நுண்ணிய உயிரணுக்கள் அங்கே தோன்றுகின்றன. அவை வேரைச் சிறிது சிறிதாகக் கரைத்து அழிக்கின்றன. வேர் குறையக் குறையப் பல் ஆடுகின்றது. வேர் முற்றும் கரைந்தபின், மேலே உள்ள மகுடம் மட்டும் ஈறைப் பற்றி நிற்கும். ஓர் ஆப்பிளைக் கடித்தால் அதுவும் வந்துவிடும். தம் பல் விழுந்ததும் சில பிள்ளைகள் அதனைத் திருப்பிப் பார்த்து, "வேர் உள்ளேயே தங்கிவிட்டதே" என அஞ்சி அழுவதுண்டு. வேர் தங்கவில்லை, கரைந்து உடலோடு கலந்துவிட்டது. விழுந்த பால் பல் அடியில் குழிந்திருப்பது இதனால்தான். பிள்ளைக்கும் பூனைக்கும் இதில் வேறுபாடு இல்லை.

பல் மாறும் பருவத்தில் குட்டியின் ஈறு சிவந்து தினவெடுக்கும். அது செருப்பைக் கடிக்கும், மின்கம்பியைக் கடிக்கும், நம் விரலையும் கடிக்கும். விரலைக் கொடுத்து விளையாடினால், வளர்ந்தபின்னும் அது கடிக்கும் பூனையாகவே இருக்கும். ஈரத் துணியை முடிச்சிட்டுக் கொடுக்கலாம். நூல், கயிறு, இரப்பர் வளையம் ஆகியவற்றைக் கொடுத்தல் கூடாது. விழுங்கினால் குடலில் சிக்கி உயிருக்கே கேடாகும். ஓரிரு நாள் அது குறைவாக உண்டால் மென்மையான உணவை இடுக. குட்டி வலியால் துன்புறுகின்றதே என்று இரங்கிச் சிலர் நாம் தலைவலிக்கு விழுங்கும் பனடோல் மாத்திரையில் ஒரு துண்டைக் கொடுத்துவிடுகின்றனர். இதனைப் பெற்றோர்கள் அனைவரும் நினைவில் நிறுத்த வேண்டும். அம்மாத்திரையில் உள்ள பாரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. அதனைப் பிரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

மாற்றம் முடிந்தபின் பூனைக்கு எத்தனை பற்கள்? இங்கேதான் மாணவர்கள் தம் கணக்கறிவைப் பயன்படுத்த வேண்டும். விழுந்தவை 26. நிலைத்தவை 30. நான்கு பற்கள் கூடுதலாக எங்கிருந்து வந்தன? எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், மேலும் கீழும் இருபுறத்தும் ஒவ்வொன்றாக அவை முளைத்தன. அந்நான்கும் கடைவாய்ப்பற்கள். குட்டி சிறிதாக இருந்தபொழுது தாடையில் அவற்றுக்கு இடமே இல்லை. தாடை நீண்டபின் இடம் கிடைத்தது. அவை அரவமின்றி வந்து அமர்ந்தன. இச்செய்தியை மறவாதிருங்கள். நம் பிள்ளைகளின் வாயைப் பற்றிக் கூறும்பொழுது இது மீண்டும் வேண்டப்படும்.

பூனையின் கடைவாய்ப்பற்கள் நம்முடையவைபோல் அரைப்பதற்கு உரியவை அல்ல. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப்போல் உரசி இறைச்சியை வெட்டும். பூனை தன் தாடையை மாடுபோல் பக்கவாட்டில் அசைத்து அரைக்க இயலாது. தலையைச் சாய்த்துக் கடைவாயால் கடித்து, துண்டை அப்படியே விழுங்கும். தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூண்டு கட்டி வளர்க்கின்றார்களே, அந்த ஆந்தைக்கோ பல்லே இல்லை. எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். எலி பிடிப்பதில் இரண்டும் வல்லவை. வாயின் அமைப்போ முற்றிலும் வேறு.

மற்றொரு வேறுபாடும் உண்டு. பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. இனிப்பை உணர்வதற்கு நாவில் அமைய வேண்டிய ஏற்பியின் மரபணு பூனை இனத்தில் பழுதுபட்டுக் கிடக்கின்றது என்பதை ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். சர்க்கரையால் அரிக்கப்படும் சொத்தைப்பல் பூனைக்கு வருவதில்லை என்றே கூறலாம். அதற்கு ஈறு நோய் வரும்; வேறு பல் நோய்களும் வரும். ஆனால் நம் பிள்ளைகளை இரவெல்லாம் அழவைக்கும் அந்தச் சொத்தை, இனிப்பை அறிந்த வாய்க்கே உரியது.

இப்பொழுது பிள்ளைகளின் வாய்க்கு வருவோம். நமக்குப் பால் பற்கள் 20. குழந்தைக்கு ஆறு மாத அளவில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை அல்லது மூன்று வயதில் அவை நிறைவுறும். ஆறு ஏழு வயதில் கீழ்த்தாடையின் நடுப்பற்கள் முதலில் விழும். பின்னர் மேல்தாடையின் நடுப்பற்கள். முன்புறத்து எட்டுப் பற்களும் மாறி முடிய எட்டு ஒன்பது வயதாகிவிடும். அதன்பின் சிறிது காலம் ஓய்வு. பத்து முதல் பன்னிரண்டு வயதிற்குள் எஞ்சிய கோரைப்பற்களும் பின்பற்களும் விழுகின்றன.

இவ்வரிசையை நான் விரித்துக் கூறக் காரணம் உண்டு. "விழுகின்ற பல்தானே சார், சொத்தையானால் என்ன?" எனப் பெற்றோர் கேட்பதுண்டு. முன்பல்லைப் பொறுத்தமட்டில் அது ஓரளவு பொருந்தலாம். பின்புறத்துப் பால் பல்லோ, ஐந்து வயதில் சொத்தையானால் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் அங்கேயே நின்று உணவை மெல்ல வேண்டிய பல். அத்தனை ஆண்டுகளும் வலியுடன் உண்ணும் பிள்ளை எவ்வாறு வளரும்? எவ்வாறு படிக்கும்? வலி பொறுக்காது அதனைப் பிடுங்கிவிட்டால், பக்கத்துப் பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சாயும். பின்னர் வரவேண்டிய நிலைப்பல்லுக்கு இடமின்றிப் போகும். அது கோணலாக முளைக்கும். பால் பல் தன் பணியோடு, வரவிருக்கும் பல்லுக்கு இடம்பிடித்து வைக்கும் பணியையும் செய்கின்றது.

இதனினும் பெரிய தவறு ஒன்று நம்மிடையே நிகழ்கின்றது. பால் பற்கள் 20, நிலைப்பற்கள் 32. பூனைக்கு நான்கு கூடியதுபோல், நமக்குப் பன்னிரண்டு கூடுகின்றன. அவை யாவும் கடைவாயில், எந்தப் பால் பல்லும் விழாமலே முளைப்பவை. அவற்றுள் முதல் நான்கு, ஏறத்தாழ ஆறாம் வயதிலேயே வந்துவிடுகின்றன. பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே அப்பல் வாய்க்கு வந்துவிடுகின்றது என்க. முன்பல் விழுந்தால் வீடே அறியும். இது வந்ததை எவரும் அறியார். எந்தப் பல்லும் விழவில்லை ஆதலால், இதுவும் பால் பல்லே, இதுவும் ஒருநாள் விழும் எனக் கருதிப் பெற்றோர் விட்டுவிடுகின்றனர். அது விழாது. குழந்தை பிறக்கும் காலத்திலேயே தாடையினுள் உருவாகத் தொடங்கி, ஆறாண்டு உழைப்பின்பின் வெளிவந்து, எழுபது எண்பது ஆண்டுகள் மெல்ல வேண்டிய பல் அது. அதன் மேற்புறத்தில் ஆழ்ந்த பள்ளங்கள் உள்ளன. உணவு அவற்றில் எளிதில் தங்கும். தூரிகை எட்டுவது கடினம். சொத்தைக்கு முதலில் இரையாகும் நிலைப்பல் பெரும்பாலும் இதுவே.

அதனைக் கண்டறியும் வழி எளிது. பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் செய்து, கீழ்த்தாடையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். வெட்டுப் பற்கள் இரண்டு, கோரைப்பல் ஒன்று, பால் கடைவாய்ப்பற்கள் இரண்டு, ஆக ஐந்து. ஐந்தோடு முடிந்தால் எல்லாம் பால் பற்களின் வரிசை. விழுந்த பல்லின் இடத்தையும் ஒன்றாகக் கொண்டு எண்ணுக. ஆறாவதாக ஒரு பெரிய பல் நின்றால், அதுவே அந்த நிலைப்பல். ஆறாம் வயதில் ஆறாம் பல் என நினைவிற் கொள்க.

பல்லைக் கொண்டு வயதறியும் முறை பூனைக்கும் மாட்டுக்கும் மட்டும் உரியதன்று. அது ஒரு காலத்தில் ஏழைப் பிள்ளைகளைக் காக்கவும் துணை செய்தது. இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெரும்பாலான நூற்பாலைகளில் வேலைக்கு அமர்த்தலாகாது என விதித்தது. ஆனால் அந்நாளில் அங்கே பிறப்புப் பத்திரம் என்பது முறையாக வழங்கப்படவில்லை. ஆலை முதலாளி பிள்ளைக்கு ஒன்பது என்பார். வறுமையால் பெற்றோரும் அவ்வாறே கூறுவர். உயரத்தை அளந்து வயதைக் கணித்தனர். அதிலும் பிழை மலிந்தது. எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர் ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளின் வாயை ஆராய்ந்து, உயரத்தைவிடப் பல்லே வயதை நன்கு காட்டுகின்றது எனக் கண்டு, 1837ஆம் ஆண்டில் அதனை நூலாக்கி நாடாளுமன்றத்தின்முன் வைத்தார். வாய் பேசிய பொய்யை வாயிலிருந்த பல் மறுத்தது.

நம் முன்னோரும் தோட்டத்தில் இளவயதிலேயே வெயிலில் நின்றவர்கள்தாம். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்றது. பால் பல் விழத் தொடங்கும் வயதில் பிள்ளையின் கையில் பலகை கிடைக்க வழி செய்த சட்டங்களுள் அதுவும் ஒன்று.

மொழியாசிரியர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. எழுத்துகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் விரிவாகக் கூறுகின்றன. வகரம் பிறக்க மேற்பல் கீழிதழைப் பொருந்த வேண்டும். தகரமும் நகரமும் பிறக்க நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்த வேண்டும். மேற்பல் இரண்டும் விழுந்து நிற்கும் பிள்ளை "வாத்து" என வாசிக்கும்பொழுது காற்று அவ்வழியே ஓடிவிடும், சொல் குழறும். அப்பிள்ளையை நிறுத்தி, வகுப்பின்முன் பத்து முறை ஒப்புவிக்கச் செய்தல் தகாது. இரண்டு மூன்று மாதங்களில் புதிய பல் வந்ததும் வகரமும் திரும்பிவிடும்.

சொத்தைக்குக் காரணம் புழு என்று முதியோர் சிலர் இன்றும் கூறுவர். புழு இல்லை. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலம் பற்சிப்பியைக் கரைக்கின்றது. எத்தனை கரண்டி சர்க்கரை என்பதினும், நாளில் எத்தனை முறை என்பது மிகுதியும் கணக்கில் கொள்ள வேண்டியது. விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் தாய், குழந்தை அழாதிருக்க இனிப்பான டின்பாலைக் கரைத்துப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்துச் சென்ற காலம் உண்டு. அவளைக் குறை கூறுவதற்கில்லை. வேறு வழி அவளுக்கு இல்லை. ஆனால் இன்றும் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடும் வழக்கம் மறையவில்லை. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும். பல் இரவு முழுதும் இனிப்பில் ஊறும். மூன்று வயதில் மேல்வரிசை முன்பற்கள் கரிய கட்டைகளாக நிற்பதற்கு இதுவே காரணம்.

இதற்கெதிராக நம் நாட்டில் நெடுங்காலமாகப் பணி நடைபெறுகின்றது. நியூசிலாந்தில் 1921ஆம் ஆண்டில் தொடங்கிய முறையைப் பின்பற்றி, பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் காக்கும் தாதியர்க்கான பயிற்சிப் பள்ளி 1949ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கப்பட்டது. அங்குப் பயின்றவர்கள்தாம் நாற்காலியையும் கருவிப் பெட்டியையும் சுமந்து தோட்டப்பள்ளிகளுக்கும் வந்தார்கள். குடிநீரில் புளோரைடு சேர்க்கும் திட்டத்திற்கு 1972ஆம் ஆண்டில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பல் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோர் சிலர் உளர். பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். அவர்கள் முதலில் பார்ப்பது அந்த ஆறாம் பல்லின் பள்ளங்களையே. பள்ளத்தை மெல்லிய பூச்சால் அடைத்துவிட்டால் பிடுங்க வேண்டிய தேவையே எழாது. அதில் வலியும் இல்லை.

விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவது நம் வழக்கம். இலங்கையில் அணிலிடம் புதுப்பல் கேட்பர். ஸ்பெயின் நாட்டில் எலியிடம் ஒப்படைப்பர். அந்நாட்டின் சிறுவயது மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவுக்குப் பல் விழுந்தபொழுது, லூயிஸ் கொலோமா என்னும் எழுத்தாளர் 1894ஆம் ஆண்டில் அவருக்காகப் பேரேஸ் என்னும் எலியின் கதையை எழுதினார். அணிலும் எலியும் கொறிக்கும் இனத்தவை. அவற்றின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல் வேண்டும் என்று கேட்பதற்குத் தக்க ஆளைத்தான் மக்கள் தேர்ந்திருக்கின்றனர். எறிவதில் தவறில்லை. ஆனால் ஆடாத பல்லை நூல் கட்டிக் கதவில் இழுப்பது தவறு. தானே ஆடி விழும்வரை பொறுத்திருக்கலாம். கீழ்த்தாடையில் பால் பல்லுக்குப் பின்னால் புதிய பல் இரண்டாம் வரிசையாக முளைத்தாலும் அஞ்ச வேண்டா; பெரும்பாலும் பழையது விழுந்ததும் நாவே புதியதை முன்னே தள்ளிவிடும். சில மாதமாகியும் பழையது அசையாவிடில் பல் மருத்துவரிடம் காட்டுக.

விளையாட்டுத் திடலில் விழுந்து பல் முழுதாகப் பெயர்ந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் கூறிவிடுகின்றேன். பெயர்ந்தது பால் பல்லானால் அதனை மீண்டும் பொருத்தலாகாது. அடியில் உருவாகும் பல் கெடும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் பெரிய முன்பல்லானால் அது நிலைப்பல். அடியில் நீண்ட வேர் முழுதாக இருக்கும். அதனை எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாது மகுடத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் சில நொடிகள் மட்டும் நீரில் அலசுங்கள், தேய்க்க வேண்டா. உடனே அதன் குழியிலேயே பொருத்திக் கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்யலாம். இயலாவிடில் ஒரு குவளைப் பாலில் இட்டு, பிள்ளையையும் பாலையும் ஒன்றாகக் குளுவாங் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பல் மருத்துவரிடமோ ஒரு மணி நேரத்திற்குள் கொண்டு சேருங்கள். அந்தப் பால் இனிப்பான டின்பாலாக இருத்தல் ஆகாது. வெறும் பசும்பால் போதும்.